டச் திரையும் கீபேடும் சேர்ந்த நடுத்தர விலை நோக்கியா போன்கள்: ஆஷா 202, 300, 303 முதல் பார்வை (2012ல் ஒரு இணைய மன்றத்தில் ஓடிய இழை)

கரிசல்காடு எழுதியது:

நோக்கியா இந்த 2012 ஜூன் மாதம் ஆஷா 305, 306, 311 என்று மூன்று முழு டச் (கீபேடே இல்லாத) போன்களை அறிவித்ததில் இருந்து, கீபேட் வைத்த டச் போன்களின் கதை முடிந்தது என்ற பேச்சு இங்கே பல இழைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. முடியவில்லை, முடியவும் கூடாது என்பது என் கட்சி. மதுரையில் ஒரு கடையில் ஆஷா 202, 300, 303 மூன்றையும் (டம்மி பீஸ் இல்லை, ஆன் ஆகிற டெமோ பீஸ்) கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தேன். கூட்டம் இல்லாத மதிய நேரம், கடைக்காரரும் அவசரப்படுத்தவில்லை.

மூன்றுமே சீரிஸ் 40 (நோக்கியா தன் சாதாரண போன்களில் போடும் மென்பொருள்) போன்கள். ஆண்ட்ராய்டு இல்லை, நோக்கியாவின் ஸ்மார்ட்போன் மென்பொருளான சிம்பியனும் இல்லை. இந்த வகைக்கு வழி போட்டது 2010 ஆகஸ்டில் நோக்கியா அறிவித்த எக்ஸ்3-02, 'டச் அண்ட் டைப்' என்ற பெயரோடு வந்ததே அதுதான். 2.4 அங்குலத் திரை, 5 மெகாபிக்சல் கேமரா, 3ஜி, வை-ஃபை, இத்தனையும் 78 கிராமில், 10 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில். ஆனால் அதன் கீபேட் நாம் பழகியது இல்லை. மூன்று வரிசை, வரிசைக்கு நாலு பட்டன். ஸ்டார், பூஜ்யம், ஹேஷ் மூன்றும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக இறங்கும், அதாவது பூஜ்யம் 6க்குப் பக்கத்தில் இருக்கும். வருடக்கணக்காகப் பார்க்காமலே எண் அடித்துப் பழகிய கைக்கு இது ஒத்து வரவே வராது. அடுத்து வந்த சி3-01ல் பழைய அமைப்புக்கே திரும்பினார்கள், நல்ல முடிவு.

இப்போது இந்த மூன்றும்.

202: நாலாயிரம் ரூபாயை ஒட்டி விலை. 2.4 அங்குலம், அழுத்தினால் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் டச், இரண்டு சிம். இரண்டாவது சிம்மைப் பேட்டரியைக் கழற்றாமல், போனை அணைக்காமல், பக்கவாட்டில் இருந்தே மாற்றலாம். 2 மெகாபிக்சல் கேமரா. 3ஜி இல்லை, வை-ஃபை இல்லை.

300: அதே 2.4 அங்குலம், அதே ரெசிஸ்டிவ். 1 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 3ஜி, 5 மெகாபிக்சல். இதிலும் வை-ஃபை இல்லை. 2010ல் வந்த எக்ஸ்3-02லேயே வை-ஃபை இருந்ததே, அதை எதற்கு எடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

303: எட்டாயிரத்துச் சொச்சம். 2.6 அங்குலம், விரல் பட்டாலே போதும் என்கிற கெபாசிட்டிவ் டச், கீழே முழு குவெர்ட்டி கீபேட் (கம்ப்யூட்டரில் இருப்பது மாதிரி எழுத்துக்கு ஒரு பட்டன்), 1 கிகாஹெர்ட்ஸ், 3ஜி, வை-ஃபை, 3.2 மெகாபிக்சல், ஃப்ளாஷ் கிடையாது. ஆங்ரி பேர்ட்ஸ் லைட் உள்ளேயே போட்டுக் கொடுக்கிறார்கள்.

மூன்றில் கையை விட்டுக் கீழே வைக்க மனம் வராதது 303தான். மெசேஜ் அடிக்கும்போது கீழே பட்டன், அனுப்பும்போது மேலே திரையில் ஒரு தட்டு, இரண்டுக்கும் நடுவில் கட்டைவிரல் அரை அங்குலம்தான் நகர்கிறது. கீபேடின் மேல் வரிசை திரையை ஒட்டியே இருப்பதால் வந்த வசதி இது. கண் திரையில் இருக்கிறது, விரல் எழுத்தைத் தானே தேடிப் போகிறது. கடையில் நின்றபடியே ஒரு நீண்ட மெசேஜ் அடித்துப் பார்த்தேன், குனிந்து பட்டனைப் பார்க்க வேண்டிய அவசியம் அநேகமாக வரவில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சிலம்பு எழுதியது:

அண்ணா, நல்ல பதிவுதான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. 303க்குக் கொடுக்கிற காசுக்கும் குறைவாக சாம்சங் கேலக்ஸி ஒய் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு 2.3, 3 அங்குலம், முழு டச், கூகுள் ப்ளேயில் வேண்டிய ஆப் எல்லாம் இறக்கலாம். சீரிஸ் 40ல் என்ன இருக்கிறது? ஒரு ஜாவா ஆப் ஓடும்போது இன்னொன்றுக்குத் தாவ முடியாது. போனின் பாதி இடத்தைப் பட்டனுக்குக் கொடுத்துவிட்டு மிச்சப் பாதியில் படம் பார்க்கச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. பட்டன் வேண்டும் என்றால் திரையிலேயே வரும், வேண்டாம் என்றால் மறைந்துவிடும், அதுதானே டச் போனின் பலமே?

கரிசல்காடு எழுதியது:

தம்பி, ஆப் விஷயத்தில் நீ சொல்வது முழுக்கச் சரி, அதில் சீரிஸ் 40 பக்கம் நின்று யாரும் வாதாட முடியாது. ஆனால் 'திரையிலேயே வரும்' என்கிறாயே, அங்கே கொஞ்சம் நில்.

கேலக்ஸி ஒய்யின் 3 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. போனை நேராகப் பிடித்தால் அகலம் 1.8 அங்குலம், அதாவது நாலரை சென்டிமீட்டர். குவெர்ட்டியின் மேல் வரிசையில் பத்து எழுத்து. ஆளுக்கு நாலரை மில்லிமீட்டர்! உன் கட்டைவிரல் நுனி எவ்வளவு அகலம் என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார். ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்துகளையும் சேர்த்துத்தான் தொடுவாய், எதை நினைத்தாய் என்று மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். ஆங்கிலச் சொல் என்றால் ஓரளவு ஊகித்துவிடும். 'சாப்டியா', 'எங்கடா இருக்க' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோமே, அதை எந்த அகராதியை வைத்து ஊகிக்கும்? 2.4 அங்குலத் திரை என்றால் இன்னும் மோசம், மூன்றரை மில்லிமீட்டர்தான் தேறும்.

பட்டன் என்றால் அதே சின்ன அளவிலும் மேடு பள்ளம் தெரிகிறது, அழுத்தியது விரலுக்குப் புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், திரை மூன்று அங்குலத்துக்குள் இருக்கும்வரை எழுதுகிற வேலை பட்டனுக்குத்தான் போக வேண்டும், தேர்ந்தெடுப்பது, நகர்த்துவது, திறப்பது எல்லாம் டச்சுக்கு. நாலு அங்குலத் திரை எட்டாயிரத்துக்கு வரட்டும், அப்போது வேறு மாதிரி பேசலாம். இன்று கைக்குக் கிடைப்பதை வைத்துத்தானே வாங்க முடியும்.

வைகைக்கரை எழுதியது:

ரெசிஸ்டிவ், கெபாசிட்டிவ் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது, கடைகளில் இதைத் தப்பும் தவறுமாகச் சொல்லி விற்கிறார்கள்.

ரெசிஸ்டிவ் திரையில் மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் மயிரிழை இடைவெளி. மேலே இருப்பது வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். அழுத்தினால் அது வளைந்து கீழ்த்தகட்டைத் தொடும், எந்த இடத்தில் தொட்டது என்பதை வோல்ட் அளவை வைத்துக் கண்டுபிடிக்கும். அழுத்துவது விரலா, நகமா, பேனா மூடியா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கெபாசிட்டிவில் மேலே கண்ணாடி. நம் உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால் விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் மாறும், அதை அளக்கும். அழுத்தம் வேண்டாம், அதனால் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் நகத்தால் தட்டினால் அசையாது, சாதாரண உறை மாட்டிய கையை அது கண்டுகொள்ளாது, திரையில் தண்ணீர் இருந்தால் குழம்பிவிடும்.

ரெசிஸ்டிவ் என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். முழு டச் போனில் ரெசிஸ்டிவ் வைத்தால் எரிச்சல்தான், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் அழுத்த வேண்டும். கீபேட் கூட இருக்கும்போது அந்தச் சுமை பெரும்பாலும் திரையை விட்டு இறங்கிவிடுகிறது. அப்போது திரைக்கு மிச்சம் இருப்பது மெனுவில் ஒரு தட்டு, பட்டியலில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். 202 மாதிரி விலை குறைந்த போனில் இந்தச் சேர்க்கை பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

நெய்தல் எழுதியது:

வைகைக்கரை சார் சொன்ன தண்ணீர் விஷயம் எனக்கு நேரடியாகத் தெரியும். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை, எப்போதும் விரல் ஈரம்தான். இரவு டியூட்டியில் வீட்டில் இருந்து அழைப்பு வந்தால் பச்சைப் பட்டன் ஒன்றை அமுக்கினால் போதும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா முழு டச் போன் (எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை) வைத்திருக்கிறார். அழைப்பை எடுக்க ஈர விரலால் திரையில் இழுத்து இழுத்துப் பார்ப்பார், அதற்குள் மணி நின்றுவிடும்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. கரிசல்காடு அண்ணா, இந்த மூன்றிலும் தமிழ் எப்படி? அம்மாவுக்கு நான் தமிழில்தான் மெசேஜ் அனுப்புவேன், அவர்களுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. எனக்கு அதுதான் முதல் கேள்வி, கேமரா எல்லாம் அப்புறம்தான்.

கரிசல்காடு எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி, முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

கடையில் 202ன் மொழி அமைப்பைத் திறந்து பார்த்தேன், தமிழ் இருந்தது. மெனுவும் தமிழுக்கு மாறுகிறது, மெசேஜும் தமிழில் அடிக்க முடிகிறது, கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் வருகிறது. இங்கேதான் தம்பி சிலம்பு சொன்ன ஆண்ட்ராய்டு 2.3 அடி வாங்குகிறது. தயாரிப்பாளர் தனியாகத் தமிழ் எழுத்துரு சேர்த்துக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு மட்டும் போட்டு எழுத்தைக் கோர்க்கும் வேலையைச் செய்யாமல் விட்டால் 'கொ' என்பது கொம்பும் ககரமும் காலும் இடம் மாறிச் சிதறிக் கிடக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். எந்தப் போனாக இருந்தாலும் ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழ் யூனிகோடில் 70தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் நாலு வரி எழுதினாலே இரண்டு மூன்று எஸ்எம்எஸ் ஆகிவிடும். ஒரு நாளைக்கு 200 எஸ்எம்எஸ் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வைத்திருந்த வரம்பைத் தனிநபர்களுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2012 ஜூலையில் ரத்து செய்தது நல்லதாகப் போயிற்று, தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்த 200 நிஜமாகவே பத்தாது. பொங்கல், தீபாவளி அன்றைக்கு எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்பது மட்டும் இந்த 2012லும் மாறவில்லை.

கடைவீதி எழுதியது:

கும்பகோணத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறேன், அதனால் விற்கிறவன் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கம் இன்றைக்குப் போன் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத்தான். சென்னையில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. இந்த 2012ல் இங்கே பகலில் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இல்லை, ராத்திரியும் அதே கதை. ஒரே நாளில் சார்ஜ் தீர்ந்துபோகிற போனை வைத்துக்கொண்டு ஜனங்கள் தவிக்கிறார்கள். 202ல் இருப்பது பி.எல்-5சி பேட்டரி. நோக்கியா 1100 போன் வந்த காலத்தில் இருந்து எத்தனையோ நோக்கியா போன்களில் ஓடியது, எந்த ஊரிலும் கிடைக்கும், வீட்டில் பழைய போன் ஒன்று கிடந்தால் அதிலேயே ஒன்று இருக்கும். ஒன்றைச் சார்ஜ் போட்டுப் பையில் வைத்துக்கொண்டால் கரண்ட் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. சீரிஸ் 40 பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். ஆண்ட்ராய்டு போனில் நெட்டை ஆன் செய்து வைத்தால் சாயங்காலத்துக்குள் ஒற்றைக் கோட்டுக்கு வந்துவிடும் என்று வாங்கினவர்களே வந்து சொல்கிறார்கள்.

இரண்டாவது, வயதானவர்கள். கீபேடில் 5 மேல் சின்ன மேடு இருக்கும், விரல் அதைத் தொட்டதும் மற்ற எண்கள் எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். 2ஐ அமுக்கிப் பிடித்தால் மகனுக்குப் போகும், 3ஐப் பிடித்தால் மகளுக்கு, இப்படி வைத்துக் கொடுத்துவிட்டால் கண்ணாடி தேடாமல் பேசிவிடுவார்கள். பேரப் பிள்ளை போட்டோ பார்க்க மட்டும் திரையை இழுத்துக் கொள்வார்கள். முழு டச் வாங்கிப் போய், அப்பாவுக்கு வரவில்லை என்று திரும்பக் கொண்டுவந்து பட்டன் போனுக்கு மாற்றிக் கேட்பவர்கள் வாரத்துக்கு வாரம் வருகிறார்கள்.

ரெசிஸ்டிவ் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். தடித்த ஸ்கிராட்ச் கார்டு (கீறல் விழாமல் இருக்கத் திரை மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் திரை கீறல் விழும் என்று பயந்து ஒட்டுகிறார்கள், நியாயம்தான். ஆனால் கார்டு தடியாக இருந்தால் அழுத்தம் உள்ளே போகாது, அப்புறம் டச் வேலை செய்யவில்லை என்று வந்து நிற்பார்கள். கார்டைப் பிய்த்துக் காட்டினால் சரியாக இருக்கும். மெல்லிசாக, மினுமினுப்பு இல்லாத மேட் கார்டாகப் பார்த்து ஒட்டுங்கள்.

சிலம்பு எழுதியது:

கரண்ட் விஷயத்தில் மறுபேச்சு இல்லை, எங்கள் சேலத்திலும் இதே நிலைமைதான். சரி, அளவுக் கணக்கையும் ஒத்துக்கொள்கிறேன், ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஆனால் பட்டன் வேண்டும் என்பதற்காக ஆண்ட்ராய்டை ஏன் விட வேண்டும்? கேலக்ஸி ஒய் ப்ரோ இருக்கிறதே, 2.6 அங்குலம், குவெர்ட்டி கீபேட், கெபாசிட்டிவ் டச், ஆண்ட்ராய்டு 2.3. எச்டிசி சாச்சாவும் அதே மாதிரி, விலை மட்டும் கூடுதல்.

வைகைக்கரை எழுதியது:

ஒய் ப்ரோ நல்ல முயற்சிதான், ஆனால் அதன் திரை படுக்கைவாக்கில் இருக்கிறது, அகலம் 400 புள்ளி, உயரம் 240தான். ஆண்ட்ராய்டு 2.3 ஆப்கள் பெரும்பாலும் திரை நின்றவாக்கில் இருக்கும் என்று நினைத்துச் செய்யப்பட்டவை. மேலே அறிவிப்புப் பட்டை, அதற்குக் கீழே ஆப்பின் தலைப்பு, அடியில் எழுதும் பெட்டி என்று போனால், படிக்க மிஞ்சுவது மூன்று நாலு வரி. மின்னஞ்சல் ஒன்றைப் படிக்க விரல் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 303ல் குவெர்ட்டி இருந்தும் திரையை நின்றவாக்கில் வைத்தார்கள். போன் கொஞ்சம் நீளமானது, பரவாயில்லை, படிக்கும் வரிகள் கூடின. கீபேடும் டச்சும் சேரும் போனில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். ப்ராசஸர் எண் எல்லாம் அதற்கு அப்புறம்.

கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்3-02, ஆஷா 300 இரண்டிலும் 5 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. எட்ட நிற்கும் ஆளும் மரமும் கூர்மையாக விழும், ஆனால் ஒரு முழ தூரத்துக்குள் வைத்து ரேஷன் கார்டையோ மார்க் ஷீட்டையோ எடுத்தால் எழுத்து மங்கலாகத்தான் வரும்.

பாலைவனப்பயணி எழுதியது:

துபாயில் இருந்து எழுதுகிறேன். இரண்டு மாதமாக 303 வைத்திருக்கிறேன். இங்கே எங்கள் அறையில் எட்டுப் பேர், ஒரே வை-ஃபை, காசைப் பிரித்துக் கொடுக்கிறோம். அதனால் வை-ஃபை இல்லாத போன் எனக்கு எந்த விலையில் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. வாட்ஸ்அப் இந்த 2012ல் சீரிஸ் 40க்கும் வந்துவிட்டது. வீட்டில் மனைவியிடமும் அதே மாதிரி போன் இருப்பதால் எஸ்எம்எஸ் செலவே போய்விட்டது, பாப்பா போட்டோ அன்றன்றைக்கு வருகிறது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் இருந்துகொண்டு பட்டனைப் பார்க்காமலே அடிக்க முடிகிறது, பக்கத்தில் தூங்குகிறவருக்கும் தொந்தரவு இல்லை.

ஒரு சந்தேகம். 303ல் தமிழ்ச் செய்தித் தளங்களும் நம் வலைப்பூக்களும் ஓபரா மினி பிரவுசரில் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. என்னுடையது இங்கே வாங்கிய செட் என்பதால் தமிழ் எழுத்துரு இல்லை போலிருக்கிறது. வழி இருக்கிறதா?

நெய்தல் எழுதியது:

இருக்கிறது அண்ணா, நான் நெடுநாளாக இப்படித்தான் படிக்கிறேன். ஓபரா மினியைத் திறந்து முகவரி எழுதும் இடத்தில் ஓபரா, அடுத்து முக்காற்புள்ளி, அடுத்து கன்ஃபிக் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் (opera:config) அடியுங்கள். ஒரு அமைப்புப் பக்கம் வரும். அதில் கடைசிக்குப் போனால் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் ஃபான்ட் பயன்படுத்தவா என்று ஒரு வரி இருக்கும். அதில் 'எஸ்' வைத்து சேவ் செய்துவிட்டுத் தளத்தை மறுபடி திறங்கள். ஓபராவின் சர்வரே தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பிவிடும், போனில் எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. பக்கம் கொஞ்சம் கனமாகும், வை-ஃபையில் அது தெரியாது.

படிக்க மட்டும்தான் இது உதவும். பின்னூட்டம் தமிழில் அடிக்க வேண்டும் என்றால் போனிலேயே தமிழ் இருக்க வேண்டும்.

பாலைவனப்பயணி எழுதியது:

வந்துவிட்டது தங்கச்சி! இந்த இழையையே இப்போது போனில் படித்துக்கொண்டிருக்கிறேன். அறையில் இன்னும் மூன்று பேருக்கு மாற்றிக் கொடுத்தாயிற்று. பின்னூட்டத்துக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்தான்.

கரிசல்காடு எழுதியது:

அருமை. அப்படியானால் என் கணக்கு இது. தமிழில் மெசேஜ், நாள் முழுக்கப் பேச்சு, இரண்டு சிம், கரண்ட் தொல்லை என்றால் 202. நிறைய எழுதுகிறவர்கள், வை-ஃபை கைக்கு எட்டுகிறவர்கள் 303. 300ஐ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 3ஜிக்கு மாதாமாதம் காசு கட்டத் தயாராக இருப்பவர் இன்னும் கொஞ்சம் போட்டு 303க்கே போய்விடலாம். எங்கள் ஊரில் பல இடங்களில் 3ஜி சிக்னலே எட்டிப் பார்ப்பதில்லை என்பது தனி.

கடைவீதி அண்ணே, 202க்குக் கூடுதல் பேட்டரி வாங்கும்போது டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் பக்கம் பெட்டிக் கடையில்கூட பி.எல்-5சி தொங்குகிறது.

கடைவீதி எழுதியது:

பெட்டிக் கடையில் தொங்குவதை வாங்கவே வாங்காதீர்கள். ஒரிஜினலில் ஹோலோகிராம் ஒட்டி இருக்கும், சாய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் நோக்கியாவின் கைகோர்க்கும் படம், இன்னொரு பக்கம் ஒரிஜினல் என்ஹான்ஸ்மென்ட்ஸ் முத்திரை மாறி மாறித் தெரியும். அதையும் அச்சடித்து ஒட்டுகிறார்கள் என்பதால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள், பில்லில் பேட்டரி என்று எழுதச் சொல்லுங்கள். ஒரிஜினலிலேயே 2007ல் ஒரு கம்பெனி செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பி.எல்-5சி பேட்டரிகளை, சார்ஜ் ஆகும்போது சூடேறலாம் என்று சொல்லி நோக்கியா மாற்றிக் கொடுக்க முன்வந்தது. 2005 டிசம்பரில் இருந்து 2006 நவம்பர் வரை செய்த சரக்கு. வீட்டில் கிடக்கும் பழைய பேட்டரியைப் போடுவதாக இருந்தால் அந்தக் காலத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேஜை மேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள், பம்பரமாகச் சுற்றினால் உப்பிவிட்டது என்று அர்த்தம், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.